ஆல்வினால் சத்தியம் செய்ய முடியவில்லை

என் தம்பி ஆல்வின் எங்கள் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புவது, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவது, முறை வைத்துத் தெருத்தெருவாக வால்வு திறந்து தண்ணீர் விடுவது, இதுதான் அவன் வேலை. கேட்பதற்கு லேசாக இருக்கும். ஆனால் காலனியில் பிறந்த ஒருத்தன் கையில் குடிதண்ணீரின் சாவி இருப்பதை மேட்டுத் தெருவில் சிலரால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வேலையின் கனம் தெரியும்.

நான் ஜெனிஃபர், அவனுக்கு அக்கா. உத்திரமேரூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். வரட்டுமே. ஆல்வினுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு ஒருவருக்குக் கோபம் வரவில்லை என்றால் அவரிடம்தான் ஏதோ கோளாறு.

எங்கள் நைனா, மேட்டுத் தெரு ராஜாராம் என்பவர் வீட்டு நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர். ஆல்வின் ஐ.டி.ஐ. முடித்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். கான்ட்ராக்ட் முடிந்ததும் வெளியே தள்ளினார்கள். அப்போதுதான் இந்த வேலை வந்தது. சம்பளம் கொஞ்சம்தான். ஆனாலும் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு அவன் தெருவில் நடந்து போனதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. கல்யாணமும் ஆனது. நிஷா நல்ல பெண், அவனைவிடத் தைரியசாலி.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே அது தொடங்கியது. தொட்டியின் மூடியைப் பூட்டிவிட்டு இறங்கி வருவான். பாதி வழியில் நின்றுவிடுவான். மூடினோமா? உள்ளே பல்லி விழுந்திருந்தால்? பவுடர் அதிகமாகிவிட்டிருந்தால்? அந்தத் தண்ணீரைக் குடித்து ஒரு குழந்தை செத்துப்போனால்? மறுபடி அந்த இரும்பு ஏணியில் ஏறுவான். மூடி பூட்டித்தான் இருக்கும். கையால் இழுத்துப் பார்ப்பான், இறங்குவான், சைக்கிளில் கால் வைக்கும்போது இழுத்துப் பார்த்தது நிஜம்தானா என்று தோன்றும். திரும்பவும் ஏறுவான். வெயிலில் அந்த ஏணி கம்பியெல்லாம் கொதிக்கும். உள்ளங்கை கொப்புளித்துப்போய் வந்து நிற்பான். சோற்றில் கை வைக்க முடியாமல் நிஷா ஊட்டிவிட்ட நாளும் உண்டு.

கூடவே நெஞ்சு படபடப்பு. ஏறாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் சட்டைக்கு மேலேயே தெரியும், அப்படி அடித்துக்கொள்ளும். மாரடைப்பு என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை, கேஸ் டிரபுள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த "ஒன்றுமில்லை" என்ற வார்த்தை இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்றுமில்லாததற்கு ஏன் இந்த சீன் என்றார்கள். வேலை செய்யச் சோம்பல் என்றார்கள். ஜெபக்கூட்டத்துக்கு வந்த பிரதர் ஒருவர் இது சந்தேகப் பிசாசு என்று தலையில் கைவைத்து அமுக்கினார், கழுத்து வலிதான் மிச்சம். நல்லா சாப்பிட்டுத் தூங்கினால் சரியாகும் என்று சொல்லாத வாயே இல்லை. ஐயோ, அவன் தூங்கியே பல நாள் ஆகியிருந்தது.

கடைசியில் என்னுடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சொல்லித்தான் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் டாக்டர், இருபது நிமிஷம் அவனைப் பேசவிட்டுக் கேட்டார். எங்கள் ஊரில் ஒருவரும் அவனை இருபது வார்த்தை பேசவிட்டதில்லை. ஓ.சி.டி. என்று பெயர் சொன்னார். எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் எழுதியும் காட்டினார். அந்த வியாதி இருப்பவர்களின் மூளையும் இதயமும் ஒரே சமயத்தில் என்ன செய்கின்றன என்று அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. விருப்பமிருந்தால் சேரலாம், இல்லாவிட்டாலும் வைத்தியம் உண்டு என்றார். ஆல்வின் சேர்ந்தான்.

தலையில் ஒயர் ஒயராகத் தொங்கும் ஒரு குல்லாயை மாட்டி, தலைமுடியெல்லாம் பசையாக்கி, மார்பிலும் ஒயர் ஒட்டி, ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். திரையில் அம்புக்குறி வரும். இடது பக்கம் காட்டினால் இடது பட்டன், வலது பக்கம் காட்டினால் வலது பட்டன். சின்னப் பிள்ளை விளையாட்டு. பிறகு டாக்டர் எங்களுக்குக் கோடுகளைக் காட்டி விளக்கினார். தப்பாக அழுத்தினால் எல்லார் மூளையிலும் ஒரு துடிப்பு வரும், தப்பு நடந்துவிட்டது என்று அது சொல்லும், சொல்லிவிட்டு அடங்கிவிடும். ஆல்வினுக்கு அது பெரிதாக வந்தது. சரியாக அழுத்தினபோதும் வந்தது. கூடவே இதயமும் வேகமெடுத்தது, எடுத்த வேகம் இறங்க நேரம் பிடித்தது. எது எதைத் தூண்டுகிறது என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், இந்த வியாதி உள்ள எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது என்றும் அவர் கவனமாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க தம்பி தப்பு எதுவும் பண்ணலை. தப்பு பண்ணிட்டேன்னு உள்ளே அடிக்கிற மணிதான் நிக்க மாட்டேங்குது."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஆல்வின் அழவில்லை. அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இதயத்தில் ஒன்றுமில்லை என்றவர்களும் எல்லாம் மனப்பிரமை என்றவர்களும் இதை வந்து பார்க்கட்டும் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மாத்திரையோடு ஒரு பயிற்சியும் கொடுத்தார்கள். ஏறு, பூட்டு, இறங்கு. இறங்கின பிறகு நெஞ்சு எவ்வளவு அடித்தாலும் மறுபடி ஏறாதே, அடிக்கட்டும், தானாக அடங்கும். மூடினேனா என்று அவன் கேட்டால் வீட்டில் யாரும் பதில் சொல்லக் கூடாது. மூடிட்டே என்று ஆறுதல் சொன்னால் அந்த ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்கும், பிறகு சந்தேகம் இன்னும் கொழுத்து வரும். நிஷா பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்தாள். மாதக்கணக்காயிற்று. ஒரே தடவை ஏறி இறங்கி நேராக வீட்டுக்கு வந்து டீ குடிக்கிற அளவுக்கு வந்தான். அந்தப் பாழாய்ப்போன மழைக்காலம் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

தீபாவளி முடிந்து மழை கொட்டியது. மேட்டுத் தெருவில் குழந்தைகளுக்கு வாந்தி பேதி. சொக்கம்மாள் என்ற பெண்ணின் மகனுக்குக் கண் செருகிவிட்டது, ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீரில்தான் ஏதோ என்று பேச்சு கிளம்பியது. அதற்கு முந்தின வாரம் காற்றில் தகரமெல்லாம் பறந்தபோது ஆல்வினுக்குப் பழைய பயம் கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தது. ஒரு காலையில் திரும்பத் திரும்பத் தொட்டி மேல் ஏறியிருக்கிறான். அதை யாரோ செல்போனில் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றியது. "காலனிக்காரன் டேங்குல இன்னா பண்றான் பாருங்க" என்று மேலே எழுத்து வேறு.

எங்கள் ஊராட்சித் தலைவர் திவ்யா. அது போர்டில். மீட்டிங்கில் உட்காருவது, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டுவது, ஊரை மேய்ப்பது எல்லாம் அவர் புருஷன் ராஜாராம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஓட்டுப் போட்ட மண் இது என்று உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி மேடைக்கு மேடை முழங்குகிற ஆள் இவர்தான். அவர் ஊரைக் கூட்டினார். போலீசைக் கூப்பிடவில்லை, தண்ணீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. திரௌபதி அம்மன் கோயில் வாசலில் தட்டில் கற்பூரம் ஏற்றி வைக்கச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். களவு போனாலும், வரப்பு வெட்டினாலும், எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் விட்டுவிடுவார்கள். செய்யாதவன் குற்றவாளி. தண்ணீர்ப் பைப் பக்கம் கை வைத்தவர்கள் எல்லாரும் வந்து செய்யட்டும், முதலில் நானே செய்கிறேன் என்று ராஜாராம் எழுந்தார். அவர் வீட்டுக்கு முன்னால் அந்த மாதம்தான் ஜே.சி.பி. வைத்துக் கழிவுநீர்க் கால்வாய் தோண்டியிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் பக்கம் ஒரு தப்பும் இல்லை தாயே என்று படீரென்று அடித்து அணைத்தார். கண் இமைக்கவில்லை. ஜே.சி.பி. டிரைவரும் வந்து அணைத்தான். பிறகு ஆல்வினைக் கூப்பிட்டார்கள். அவனுக்காகத் தட்டைப் படிக்குக் கீழே இறக்கிக்கொண்டு வந்து மண்ணில் வைத்தார்கள்.

அவன் கிறிஸ்தவன் ஆயிற்றே என்றேன். அப்படியானால் பைபிளைக் கொண்டு வரச் சொல் என்றார் ராஜாராம். நிஷா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். ஆல்வின் அதன்மேல் கையை வைத்தான். டேங்குல ஒண்ணும் போடலை, மூடியை மூடித்தான் வெச்சேன், அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பொய் சொல்கிறவனுக்கு மூச்சு விடுகிற நேரம் போதும். மெய் சொல்கிற எனக்கும் உங்களுக்கும்கூட அவ்வளவுதான். ஆல்வின் வாயைத் திறந்தான், மூடினான். நெற்றியில் வேர்வை வழிந்தது.

"நான் ஒண்ணும் போடல தலைவரே. ஆனா போடவே இல்லன்னு சத்தியமா சொல்ல வரல. மூடி மூடினேனான்னு இப்பகூட மனசு கேட்டுகினே கீது."

அவ்வளவுதான். கூட்டம் கொதித்தது. ராஜாராமுக்கு எடுபிடியாகச் சுற்றும் வெங்கடேசன் பாய்ந்து வந்து ஆல்வினின் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினான். "பாருங்க, இன்னாமா அடிச்சிக்குது. தப்பு பண்ணவனுக்குத்தான் இப்டி அடிக்கும்" என்றான். நான் கத்தினேன். வியாதி என்றேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன், மூளை என்றேன், இதயம் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சொக்கம்மாள் மண்ணை வாரி அவன்மேல் இறைத்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, அவள் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவள் கையில் மண்ணைக் கொடுத்தவர்கள்மேல்தான் கோபம். சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் போலீசுக்குப் போன் போட்டார்கள்.

உலகத்திலேயே, அந்தத் தண்ணீரில் தூசி விழுந்துவிடக் கூடாதென்று உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டவன் அவன் ஒருத்தன்தான். அவனைத்தான் ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. முதலில் நன்றாகத்தான் பேசினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் குல்லாய் மாட்டியது, சரியாக அழுத்தினாலும் மூளை தப்பு என்று துடிப்பது, கூடவே நெஞ்சு அடிப்பது, அதனால்தான் அவனால் நிச்சயமாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்பது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப பைத்தியம்னு டாக்டர் கிட்ட எழுதி வாங்கினு வாம்மா, வுட்டுடறேன். அந்த வேலயில வெக்க மாட்டாங்க, அது வேற விஷயம்" என்றார். குற்றவாளி என்று உள்ளே போ, இல்லாவிட்டால் பைத்தியம் என்று வெளியே போ. மூன்றாவதாக ஒரு வழி அவருக்குத் தோன்றவே இல்லை. அவன் பைத்தியமும் இல்லை, ஒன்றும் எழுதி வாங்க மாட்டேன், தண்ணீரை எடுத்துப் பாருங்கள் என்று நானும் நிஷாவும் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டோம். சென்னை டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் யார் யாரிடமோ பேசினார்.

மறுநாள் மாவட்டத்திலிருந்து தண்ணீர் பரிசோதிக்க ஆட்கள் வந்தார்கள். தொட்டி மேல் ஏறிப் பார்த்தார்கள். மூடி பூட்டியிருந்தது. தொட்டித் தண்ணீர் சுத்தமாக இருந்தது, குளோரின் சரியான அளவில் இருந்தது. காலனிக் குழாய்களில் வந்ததும் நல்ல தண்ணீர். மேட்டுத் தெருக் குழாய்களில் வந்தது மட்டும் சாக்கடை. பைப்பைத் தொடர்ந்து தோண்டிக்கொண்டே போனார்கள். ராஜாராம் வீட்டு வாசலில், புதுக் கால்வாய்க்கு அடியில், பைப் உடைந்து கிடந்தது. உடைந்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி, மேலே மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். பைப் உடைஞ்சதை அன்றைக்கே தலைவர்கிட்ட காட்டினேன், இப்போதைக்குக் கட்டி மூடு, கால்வாய் பில் பாஸ் ஆகட்டும் என்றார் என்று டிரைவர் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டான்.

ராஜாராமின் நெஞ்சில் யாரும் கை வைத்துப் பார்க்கவில்லை. ஜீப்பும் வரவில்லை. டிரைவர் பயத்தில் உளறுகிறான் என்று சொல்லிவிட்டு அவர் மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே போய்விட்டார்.

ஆல்வினைச் சாயங்காலம் விட்டார்கள். ஆட்டோவில் வரும்போது என் பக்கம் திரும்பினான். கண் உள்ளே போயிருந்தது.

"அக்கா, நான் ஒண்ணும் போடலதானே?"

இல்லடா, நீ ஒண்ணும் போடல, பைப்தான் உடைஞ்சிருந்துச்சு, ஊரே பார்த்துச்சு என்று கத்த வேண்டும் போலிருந்தது. சொல்லக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். நிஷா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், அவளும் பேசவில்லை. கேட்டுக்கொண்டே வந்தான். மாதக்கணக்காகப் பாடுபட்டு ஏறிவந்த பள்ளத்தில் ஒரே நாளில் அவனைத் தள்ளிவிட்டார்கள். இதற்கு எந்தச் சட்டத்தில் கேஸ் போடுவது? யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மறுபடி சென்னைக்குப் போனோம். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார்கள். பயிற்சியை முதலிலிருந்து தொடங்கினார்கள். வேலையை விட்டுவிடடா என்று நானே சொன்னேன். அவன் மாட்டேன் என்றான். வேலையை விட்டால் நான் போட்டேன் என்றுதான் ஆகும் என்றான். டாக்டரும் அதைத்தான் சொன்னார், பயப்படுகிற இடத்தைவிட்டு ஓடினால் பயம் கூடவே வரும் என்று. அந்தச் சாவி திரும்பக் கையில் வர வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. நான் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தேன், பேப்பர்காரர்களைக் கூப்பிடுவேன் என்று ராஜாராம் காதில் விழும்படி நாலு இடத்தில் சொன்னேன். இதற்கிடையில் உடைந்த பைப்பை மாற்றிவிட்டு, வெங்கடேசனை டேங்குக்குப் போட்டிருந்தார்கள். அவன் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து போய்ச் சீட்டாடப் போனான். தொட்டி நிரம்பி வழிந்து ரோடு சேறானது. குழாயில் ஒரு நாள் வந்தால் மறுநாள் வராது. சொக்கம்மாளே குடத்தோடு ஊராட்சி ஆபீசுக்குப் போய் ஆல்வினைக் கூப்பிடுங்கள் என்று சத்தம் போட்டாளாம்.

கூப்பிட்டார்கள். மோட்டார் ரூம் வாசலில் ஒரு கூட்டமே நின்றது. ராஜாராம் பைக்கில் உட்கார்ந்தபடியே, கையில் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். மன்னிப்பா? அந்த வார்த்தை அவர் வாயில் பிறந்ததே இல்லை. நடந்தது நடந்துபோச்சு, மனசில் வைத்துக்கொள்ளாதே என்று ஏதோ ஆல்வின் அவர் காலை மிதித்துவிட்ட மாதிரி பெருந்தன்மையாகச் சொன்னார். பிறகு ஒரு நிபந்தனை.

"இனிமே சந்தேகம் கிந்தேகம் எதுவும் இல்லன்னு ஊர் முன்னாடி ஒரு வார்த்த சொல்ட்டு சாவிய வாங்கிக்கடா."

நான் வாயைத் திறந்தேன். என் வாய் எனக்கே தெரியும், அன்றைக்கு என்னென்ன வந்திருக்குமோ. ஆல்வின் என் கையைத் தொட்டு நிறுத்தினான். அவன் குரல் நடுங்கியது. ஆனாலும் கடைசி ஆள்வரை கேட்டது.

"சந்தேகம் கீது தலைவரே. நாளைக்கும் இருக்கும். அதோடதான் இந்த வேலய பாத்துகினு கீறேன். உங்களுக்கு அது ஒரே ஒரு தபா வந்திருந்தா, அந்தப் புள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காது."

சொக்கம்மாள் ராஜாராமையே பார்த்துக்கொண்டு நின்றாள், வைத்த கண் வாங்கவில்லை. அவர் சாவியை ஆல்வின் கையில் கொடுக்கவில்லை. ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு பைக்கை உதைத்துக் கிளம்பினார். ஆல்வின் சாவியை எடுத்துக்கொண்டு வால்வைத் திறக்கப் போனான். அன்றைக்கு மேட்டுத் தெரு முறை.